அந்த வால் மையை என்ன செய்ய?

அடியே மைவிழி,

உன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் போய்ச் சொன்னேன். அவளுக்கு உன் பெயர் பிடிபடவில்லை. "யாரு, கண்ணுல வால் வச்சு மை போடுமே, அந்தப் புள்ளயா?" என்றாள். பெயர் மறந்துபோய் மை மட்டும் நிற்கிறது பார்! ரொம்பச் சந்தோஷம்டி. மாப்பிள்ளை வீட்டார் நகை, பணம் என்று வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுவே பெரிய விஷயம்.

இங்கே சொல்ல அதிகமில்லை. அவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல், தினமும் பஸ்ஸில் போய்விட்டு எரிச்சலோடு வந்து சேருகிறார். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, இப்போது என் சமையலறை மூலையில் இருக்கும் ஒட்டடைகூட அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பார்லர் பெண் உன் வால் மையைப் பார்த்து "ஆன்ட்டி, இந்த ஸ்டைல் எல்லாம் ரொம்பப் பழசு, தோல் நிறத்துலயே நியூடா சிம்பிளா போட்டுக்கலாம்" என்றாளாம், மகளும் தலையாட்டினாளாம், அதற்கு ஒன்றரைப் பக்கம் புலம்பியிருக்கிறாய். பழசு என்பது ஒரு காரணமே இல்லை, அது என் கட்சி. பாடகி உஷா உதுப்பைப் பார். 1969-ல் சென்னையில் ஒரு நைட் கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தவர், அன்றைக்கும் இன்றைக்கும் காஞ்சிப் பட்டும் நெற்றி நிறையப் பொட்டும்தான், அந்தப் பொட்டுக்குள் வங்காள 'க' வேறு. அவரிடம் போய் இனிமேல் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்வார்களா? மேடையில் நிற்கிறவருக்கு அது செல்லும், எனக்குச் செல்லுமா என்று கேட்பாய். நியாயம்தான்.

நீ அந்த வாலை எங்கிருந்து எடுத்தாய் என்று யோசி. நாட்டிய வகுப்பில் இருந்துதானே? கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் அசைவது தெரியட்டும் என்றுதான் பரதத்தில் கண் ஓரத்தைத் தாண்டி நீட்டி வரைகிறார்கள். நீ அதை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவந்தாய், 'சரோஜாதேவி' என்று பையன்கள் கத்தியும் விடவில்லை. ஆக, தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்காக வரைந்த கோடு அது. இப்போது உன்னை யார் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள்? எல்லாரும் போனை முகத்துக்கு நேரே நீட்டி எடுக்கிறார்கள், அதில் கண்ணுக்கு முன்னால் கோடு வந்து நிற்கிறது.

அப்புறம் இமை. வயது ஏற ஏற மேல் இமைத் தோல் தளர்ந்து மடிப்பு கீழே இறங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு வரைந்தால் வால் அழகாகத்தான் இருக்கும், திறந்ததும் பாதி மடிப்புக்குள் போய்விடும், மிச்சம் முறிந்த மாதிரி நிற்கும், கொஞ்ச நேரத்தில் மேல் தோலில் அச்சுப் பிடித்துவிடும். வளைகாப்பில் எடுத்த போட்டோவைக் காட்டி "எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது" என்றாயே, கை ஒன்றும் நடுங்கவில்லை, இதுதான் நடந்திருக்கிறது. இனிமேல் கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, வால் எங்கே முடிய வேண்டுமோ அங்கே முதலில் ஒரு புள்ளி வை, பிறகு அதை இமையோடு சேர். நீளத்தைப் பாதியாக்கு. கறுப்புக்குப் பதில் கரும்பழுப்பு போட்டுப் பார். உன்னுடையது மைனஸ் கண்ணாடி வேறு, அது கண்ணைச் சிறிதாகக் காட்டும், அதற்குள் தடிமனான கோடும் இருந்தால் கண்ணைத் தேட வேண்டியதுதான்.

வாலைவிட எனக்குக் கவலை, நீ உள் இமையில் அப்புகிற மை. சாயங்காலம் ஆனால் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய், அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மண்டப வாடகைக்குப் போய்விட்டாய். இமை விளிம்பில், மயிருக்கு உள்பக்கமாக, எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் வரிசையாக இருக்கிறது, மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் மேலே மூடி வைக்கிறது. மையில் இருக்கிற மெழுகு அங்கே போய் அடைத்தால் கண் வறண்டு உறுத்தத்தான் செய்யும். எதற்கும் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டு, அதுவரை மயிருக்கு வெளியே மட்டும் போடு. நாத்தனார் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த அந்தச் சுருமா மைப் பொடியைத் தொடவே தொடாதே, சுருமா பலவற்றில் ஈயம் இருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், என் மெரூன் வட்டப் பொட்டும் போய்விட்டது. உனக்குச் சொல்லவே இல்லை, இல்லையா? நெற்றியில் அரிப்பு எடுத்தது, ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் அச்சாக அதே வட்டத்தில் தோல் வெளுத்திருந்தது. தோல் டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், ஸ்டிக்கர் பசையில் இருக்கக்கூடிய பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்கிற ரசாயனம் தோலுக்கு நிறம் தருகிற செல்களையே கெடுத்துவிடுமாம், சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு இப்படி. ஒட்டுவதை நிறுத்தினேன், தடவ மருந்து கொடுத்தார், நிறம் மெதுவாக, முக்கால்வாசி திரும்பிவிட்டது. இப்போது கோவில் குங்குமம் கொஞ்சமாக, அதுவும் அரித்தால் உடனே துடைத்துவிடுகிறேன். பொட்டு சின்னதானதும் ஆபீசில் ஆளாளுக்கு "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார்கள், ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்றே கேட்டுவிட்டாள்! அவர் அன்றைக்கும் தூத்துக்குடி பஸ்ஸில்தான் நின்றுகொண்டிருந்தார், பாவம்.

அதனால் பார்லர் பெண் சொன்னாள் என்று விடாதே, கண் கேட்கிறது என்றால் மாற்று. முழுதாகத் துடைத்துவிட்டு நியூடு, அது இது என்று போனால் நீ நிச்சயத்தன்று காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரிதான் இருப்பாய், நான் இப்போதே சொல்லிவிட்டேன். ட்ரையல் அன்று குட்டி வால் போட்டு ஒன்று, வாலே இல்லாமல் ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் யாரையாவது நாலடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லி அனுப்பு. செல்ஃபி வேண்டாம்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் வந்து நிற்பேன். தேதி மாறினால் உடனே சொல், தட்கலில் எல்லாம் என்னால் மல்லுக்கட்ட முடியாது.

உன்,
பொட்டுக்காரி