அந்தத் தம்பிக்கு ஒன்றும் இல்லை

அன்புள்ள ஆசிரியர் ஐயா,

வணக்கம். போன இதழின் மருத்துவக் கேள்வி பதிலில், புதிதாகக் கல்யாணமான 26 வயதுத் தம்பி ஒருவர், ஒருமுறை முடிந்தால் அரை மணி நேரத்துக்கு மறுபடி எழுச்சி வருவதில்லையே என்று கூசிக் கூசிக் கேட்டிருந்தார். உங்கள் வைத்தியர் ஒரே வரியில், "இது நரம்புத் தளர்ச்சியின் ஆரம்பம்" என்று முடித்துவிட்டார். அரை மணி நேரத்துக்கே தளர்ச்சி என்றால், என் வீட்டுக்காரருக்கு எப்போதோ கருமாதி செய்திருக்க வேண்டும்.

நான் டர்பனில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். விந்து வெளியானதும் ஆணின் உடம்பு கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்ளும். இளவயதில் சில நிமிடம், சிலருக்கு அரை மணி, ஒரு மணி. வயது ஏற ஏறப் பல மணி நேரம், ஒரு நாள், அதற்கு மேலும் ஆகும். ஒரே ஆளுக்கே இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி. அமெரிக்காவில் பாலுறவை ஆராய்ந்த மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966லேயே இதை எழுதிவிட்டார்கள். பெண்களுக்கு இந்தக் கட்டாய ஓய்வு கிடையாது என்றும் எழுதினார்கள், அதற்கு உங்கள் பத்திரிகையில் இடம் இருக்காது. உச்சத்துக்குப் பின் ஏறும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் இந்த ஓய்வுக்குக் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். 2021இல் லிஸ்பனில் எலிகளை வைத்துப் பார்த்ததில் அதுவும் நிற்கவில்லை. விஞ்ஞானிகளுக்கே முழுதாகப் பிடிபடாத காரணம் உங்கள் வைத்தியருக்கு மட்டும் பிடிபட்டுவிட்டது!

பிடிபடாமல் என்ன செய்யும்? பதிலுக்குக் கீழேயே அவருடைய லேகிய விளம்பரம். எங்கள் சாட்ஸ்வர்த்தில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் "பெரிதாக்கித் தருகிறோம், பிரிந்த காதலியைச் சேர்த்து வைக்கிறோம்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அவர்கள் தமிழ் வளர்க்கிறோம் என்று சந்தா கேட்பதில்லை.

1979இல் எங்களுக்குக் கல்யாணம். ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தம் என்று யாரோ சொன்னதை நம்பி, இவர் அரைமாதச் சம்பளத்தைக் கிரே தெருப் பக்கம் ஒரு கடையில் கொட்டி, கசப்பு உருண்டை வாங்கி ஒளித்துவைத்துத் தின்றார். கிடைத்தது வயிற்றுப்போக்கு. அப்புறம் ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையும் வந்தது. அதோடு ஒரு சிநேகிதர் கொடுத்த வயாகரா என்ற நீல விறைப்பு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, ரத்த அழுத்தம் இறங்கிக் குளியலறையில் விழுந்தார். இரண்டும் சேரக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான் உட்பட. அவர் நான் திட்டுவேன் என்று சொல்லவில்லை, நான் அவர் கூசுவார் என்று கேட்கவில்லை. (இதை எழுதச் சொன்னதே அவர்தான்.)

இரண்டு வருடம் முன்பு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "இடமின்மையால்" பாதியை வெட்டினீர்கள். அதே பக்கத்தில் காவடித் திருவிழாவில் பிரமுகர் ஒருவர் மாலை வாங்கும் படம் நான்கு! சரி, பெரிய இடம்.

இப்போது கேட்பது நாலே வரி. அந்தத் தம்பிக்கு உடம்பில் கோளாறு இல்லை என்றும், முதல் தடவையே விறைப்பு வராமல் தொடர்ந்து சிரமம் இருந்தால்தான் சர்க்கரையையும் இதயத்தையும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும், அடுத்த இதழில் அதே இடத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். லேகிய விளம்பரத்துக்கு மேலேயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
சாட்ஸ்வர்த், டர்பன்