மே 24: குரு அனுமான் நினைவு நாள்

உடற்கல்வி ஆசிரியர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் மே 24 அன்று மல்யுத்த ஆசான் குரு அனுமான் அவர்களின் நினைவு நாள் என்பதால், அன்று மாலை நமது குழுவில் அவரைப் பற்றி மட்டும் பேசலாம் எனப் பொறுப்பாளர்கள் முடிவு செய்துள்ளோம்.

ராஜஸ்தானின் சிராவாவில் 1901-ல் விஜய் பால் என்ற பெயரில் பிறந்த அவர், பிழைப்புக்காக இளவயதில் டெல்லிக்கு வந்து, பிர்லா ஆலைப் பகுதியில் அமைந்த கோதாவிலேயே திருமணம் செய்துகொள்ளாமல் தம் வாழ்நாளைக் கழித்தார். விடியலுக்கு முன்பே பிள்ளைகளை எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பும் கண்டிப்பு அவருடையது; இன்றைய பெற்றோர் அதை ஏற்பார்களா என்பது ஐயமே. ஆயினும் அந்த மண்ணில் புரண்டவர்களில் சுதேஷ் குமாரும் பிரேம்நாத்தும் 1974 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்கள். கர்தார் சிங் 1978-லும் சத்பால் 1982-லும் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார்கள். பதக்கங்களைவிட, களத்தை விட்டு விலகிய பயில்வான்களுக்கு அரசு வேலை கிடைக்க அவர் விடாமல் வாதாடியதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

அவருக்கு 1983-ல் பத்மஸ்ரீயும் 1987-ல் துரோணாச்சாரியார் விருதும் வழங்கப்பட்டன. 1999-ல் ஹரித்வாருக்குச் செல்லும் வழியில் கார் விபத்தில் காலமானார்.

தங்கள் பள்ளியில் மல்யுத்தம் கற்பிக்கும் உறுப்பினர்கள், தம் பயிற்சி அனுபவத்தைச் சுருக்கமாக எழுதி, 22-ஆம் தேதிக்குள் பொறுப்பாளருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.