தொப்பூர் இறக்கத்தில் சிக்கிய கேசட்

ஏற்காடு,
டிசம்பர் 14

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பாதித் தூக்கம்தான். கேசட் சிக்கியது பெரிய விஷயமில்லை. தொப்பூர் இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரி வரும்போது, அதை ஒரு கையால் இழுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன் என்று சிரித்தபடி சொன்னாயே, அதுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இனிமேல் காரின் பாட்டு செட் என்ன சத்தம் போட்டாலும் வால்யூமைக் குறைத்துவிட்டு ஓட்டு. டீக்கடை வந்ததும் ஓரம் கட்டிவிட்டுப் பார்.

சேலம் வரை கல்யாணத்துக்கு வந்தவள், மலை ஏற நேரமில்லை என்று அப்படியே பெங்களூர் திரும்பிவிட்டாய். இருபது கொண்டை ஊசி வளைவுதானே! சரி, அதை விடு. வந்திருந்தால் அரை மணி நேரத்தில் நானே சுத்தம் செய்து கொடுத்திருப்பேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

செட்டைக் கழற்றிவிட்டு டச் ஸ்க்ரீன் போடலாமா என்று கேட்டாய். கார் உன்னுடையது, போட்டுக்கொள். ஆனால் செட் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் போடாதே. அது கெடவில்லை. அழுக்கு, அவ்வளவுதான்.

போன மாதமே சொன்னாய், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது என்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேசட் டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவில் பூசிய காந்தப் பொடி. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது, பாட்டைப் படிக்கும் ஹெட்டை உரசிக்கொண்டே ஓடுகிறது. ஓட ஓடப் பொடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து ஹெட்டில் பழுப்பாகப் படியும். படிந்தால் முதலில் போவது ஜால்ராச் சத்தமும் 'ஸ' ஒலியும்தான். அதே பொடி, டேப்பை இழுத்து ஓட்டும் ரப்பர் ரோலரிலும் ஏறிப் பிசுபிசுத்தால், டேப்பை விடாமல் தன்மேல் சுற்றிக்கொள்ளும். உனக்கு நடந்தது இதுதான்.

மெடிக்கலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கு. வெறுமனே ஸ்பிரிட் என்றால் எதையாவது கொடுப்பார்கள், சென்ட் பாட்டில் பக்கமே போகாதே. செட்டை அணைத்துவிட்டு, கேசட் நுழையும் வாயின் மூடியை விரலால் தள்ளி டார்ச் அடித்துப் பார். பளபளவென்று தெரிவது ஹெட். பக்கத்தில் ஊசி போன்ற எஃகுத் தண்டும் அதை ஒட்டிக் கறுப்பு ரோலரும் இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து ஹெட்டையும் தண்டையும் துடை. பஞ்சில் பழுப்பு வராத வரை குச்சியை மாற்றிக்கொண்டே இரு. ரப்பருக்குத் தண்ணீரில் நனைத்த குச்சி போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் இறுகிப்போகும். ஸ்குரூடிரைவர் மட்டும் உள்ளே போகக் கூடாது. ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் ஒவ்வொரு கேசட்டையும் அது கீறும்.

இன்னொன்று, உன் அண்ணனிடம் நான் தொண்டை வற்றக் கத்தியது: கேசட்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் வண்டியை அணைக்க வேண்டும். அந்தக் காலத்து செட்டில் பாட்டு ஓடும்போதே சாவியைத் திருப்பினால் ரோலர் தண்டோடு அழுந்தியபடியே நின்றுவிடும். ராத்திரி முழுக்க அப்படி இருந்தால் ரப்பரில் பள்ளம் விழும். அப்புறம் பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி குரல் ஆடும்.

உன்னிடம் சிக்கியது 90 நிமிட கேசட். 60-ஐ விட அதன் டேப் மெல்லிசு. 120 இன்னும் மெல்லிசு, காருக்கு ஆகவே ஆகாது. தெரிந்தேதான் 90 வாங்கினேன். அப்போதெல்லாம் சேலத்தில் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்துப் போய் வாங்குவோம். லிஸ்டில் எதை அடிப்பது என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஏ பக்கம் என்னுடையது, பி பக்கம் அவளுடையது என்று முடிவானது. 60-இல் இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை. நீ அறுத்தது எந்தப் பக்கம் என்று அவள் கேட்டால், டேப் ஒன்றுதான், அறுந்தால் இரண்டு பக்கமும்தான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

சிடி பக்கம் அவ்வளவு வேலை இல்லை. காகித லேபிள் ஒட்டிய சிடியைப் போடாதே. நான் ஒரு சித்திரை மாதம் போட்டேன். சேலம் வெயிலில் வண்டி நின்றதில் லேபிள் உரிந்து, சிடி உள்ளேயே ஒட்டிக்கொண்டு மூன்று மாதம் குடியிருந்தது. துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை. சிடியில் வரிகள் சுற்றிச் சுற்றிப் போகின்றன. ஒரு தலைமுடி அகலத்தில் முப்பது நாற்பது வரி அடங்கும். குறுக்கே விழுந்த கீறலைச் செட் சமாளித்துக்கொள்ளும், வரியோடு போன கீறலில்தான் திக்கும். மின்னும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறாய், பாட்டுப் பெயர் அச்சடித்த பக்கத்தைத் தரையில் தேய்க்கிறாய். தகவல் இருப்பது அந்த அச்சுக்குக் கீழேதான்.

இங்கே வந்தால் விடியற்காலையில் சிடி போட அவசரப்படாதே. பனியில் நின்ற வண்டியில் நாலு பேர் ஏறியதும் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோக்குமே, அதே நீர் செட்டுக்குள் இருக்கும் லென்சிலும் கோக்கும். சிடியைப் படிக்காமல் துப்பும். ஏரியைச் சுற்றி வருவதற்குள் தானாகச் சரியாகிவிடும்.

பேட்டரி மாற்றுகிறவரிடம் முன்பே சொல்லிவை. இணைப்பைக் கழற்றி மாட்டினால் செட் ரகசிய நம்பர் கேட்கும். தப்பாகப் போட்டுப் போட்டுப் பார்த்தால் பூட்டிக்கொள்ளும். நம்பர் அம்மாவின் தையல் மெஷின் டிராயருக்கு அடியில் எழுதியிருக்கிறது. போனில் கேள்.

அறுந்த கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. செல்லோ டேப்பால் ஒட்டவும் பார்க்காதே, அதன் பசை கசிந்து ஹெட்டில் ஏறும். வெளியே தொங்குவதைப் பென்சிலால் உள்ளே சுற்றி அப்படியே எடுத்து வா. ஒட்டுவதற்கென்றே உள்ள டேப் என்னிடம் ஒரு சுருள் இருக்கிறது. கசங்கின துண்டை வெட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் ஒரு நொடிப் பாட்டு போகும். எத்தனை முழம் இழுத்தாய் என்று மட்டும் உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
அப்பா