முதுசட்டமாணி படிக்கப் போகும் செல்வாவுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் செல்வா,

நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தில் முதுசட்டமாணி (LLM) படிக்க இடம் கிடைத்த செய்தி பெரிய சந்தோசம். இங்கே வாடை தொடங்கிக் கடல் கலங்கிக் கிடக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

எதை முதலில் வாசிப்பது என்று கேட்டிருந்தாய். 1972 ஸ்டொக்ஹோம், 1992 ரியோ என்று சர்வதேச சுற்றாடல் பிரகடனங்களில் தொடங்காதே. அங்கே தொடங்குபவர்கள் ஆய்வுக்கட்டுரையில் பாதியை வரலாற்றுக்கே கொடுத்துவிடுகிறார்கள். எப்பாவலவில் பொஸ்பேற்று அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடு. அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை சுற்றாடலைக் காக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. 29ஆம் உறுப்புரையோ அதை வைத்து வழக்காட முடியாது என்கிறது. அப்படியிருந்தும் உயர் நீதிமன்றம் 12(1) சமத்துவ உரிமையின் வழியாக மனுதாரர்களுக்கு நிவாரணம் கொடுத்தது. ரியோக் கோட்பாடுகள் தீர்ப்பில் எந்த இடத்தில், எதற்காக வருகின்றன என்று பார். பிரகடனங்களை அதற்குப் பிறகு வாசித்தால் மனதில் நிற்கும்.

அடுத்தது சுன்னாகம் வழக்கு: 2015இல் மனு, 2019இல் தீர்ப்பு. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, வாளியில் அள்ளிய கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த விடயம் அது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு அங்கே 2 கோடி ரூபா இழப்பீடு என்ற தொகையாக மாறியது. அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள் என்ற பக்கங்களை இரண்டு தரம் வாசி.

கோட்பாடு நன்றாகத் தெரிந்தவர்களும் நடைமுறையில்தான் சறுக்குகிறார்கள். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரீட்சைக்கு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஒரு திட்டத்துக்கு இரண்டில் எது கேட்கப்பட்டது என்பதே பாதி வழக்கு. அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய ஒரு மாதம்தான். அந்தக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதிலேயே நல்ல மனுக்கள் விழுந்திருக்கின்றன.

சம்பூரைப் பற்றி எழுத நினைப்பதாகச் சொன்னாய். எழுது. ஆனால் ‘சம்பூர்த் தீர்ப்பு’ என்று எழுதிவிடாதே. அங்கே திட்டமிட்ட 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு எதிரான வழக்கில், அது கட்டப்படாது என்று சட்டமா அதிபர் 2016இல் நீதிமன்றுக்குத் தெரிவித்தார். திட்டம் அப்படி நின்றதால் மேற்கோள் காட்டக்கூடிய சட்டத் தத்துவம் எதுவும் அங்கே பிறக்கவில்லை. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 1993ஆம் ஆண்டின் 772/22 வர்த்தமானியைப் பார்: அனல்மின் என்றால் 25 மெகாவாற்றுக்கு மேல், புதுப்பிக்கத்தக்கது என்றால் 50க்கு மேல் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். ஒரு திட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் இந்த எல்லையை எப்படிக் கணக்கிடுவது? இந்தக் கேள்வி ஒன்றே உனக்குப் போதும். பிரித்தானியாவில் பெரும்பாலும் 180 கிறெடிற்றில் 60 ஆய்வுக்கட்டுரைக்குத்தான். ‘இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி’ என்று அகலமாக எடுத்தால் அந்தச் சொல்லெண்ணிக்கைக்குள் எதையும் நிறுவ முடியாது.

புறப்படுமுன் தகவல் உரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடு. தருவதா இல்லையா என்ற முடிவுக்கே 14 வேலை நாள். பிரதி கைக்கு வர இன்னும் செல்லும். சட்டங்களின் ஆங்கிலப் பிரதியை மட்டும் நம்பவும் வேண்டாம். பொதுவாக, சிங்கள, தமிழ்ப் பிரதிகளுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டத்தின் கடைசிப் பிரிவிலேயே இருக்கும்.

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதியை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். விண்ணப்பத்தின் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ரவி