வைமார் அரண்மனைக்காரியின் வட்ட மேசை

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நம் ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம்.

மாதாமாதம் வீட்டு மாடியில் வாசிப்புக் கூட்டம் வைக்கலாமா என்று யோசிக்கிறாய். "ஒரு வரிகூட எழுதாதவள் நான், எனக்கு எதற்கு இந்த வேலை" என்றும் கேட்டிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஜெர்மனியின் அன்னா அமாலியா ஞாபகம்தான்.

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் தங்கை மகள். 16 வயதில் வைமார் என்ற குட்டி நாட்டின் கோமகனுக்கு வாழ்க்கைப்பட்டு, 18 வயதில் கணவரை இழந்தார். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. மூத்தவன் கார்ல் ஆகஸ்ட் தலையெடுக்கும்வரை, 1775 வரை, அந்தச் சின்ன நாட்டை அவரே ஆண்டார். மகனுக்குப் பாடம் சொல்ல 1772இல் அவர் அழைத்து வந்தது வீலாண்ட் என்ற கவிஞரை! மகன் பட்டத்துக்கு வந்த அதே ஆண்டில் ஜெர்மனியின் பெருங்கவிஞர் கோதேயும் வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு விட்டும்ஸ் மாளிகையில் அவர் கூட்டிய சபைதான் எனக்குப் பிடித்தது. 1795 வாக்கில் கிரவுஸ் என்பவர் அதை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். பெரிய மேசையைச் சுற்றி கோதே, தத்துவ அறிஞர் ஹெர்டர், பிரபுக்கள், பெண்கள் என்று கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தங்கள் கைவேலையைப் பார்க்கிறார்கள். கோமகள் அன்னா அமாலியாவின் கையில் தூரிகை. சிம்மாசனம் எதுவும் கிடையாது. பிறப்பை வைத்தே ஆளை எடைபோட்ட காலத்தில் இது எத்தனை பெரிய காரியம்! அவரும் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர் இல்லை, கோதேயின் ஒரு பாட்டு நாடகத்துக்கு 1776இல் இசையமைத்தவர்.

1781 முதல் 1784 வரை டீஃபுர்ட் என்ற கோடை வாசஸ்தலத்திலிருந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். அச்சுக்கே போகவில்லை. ஒவ்வோர் இதழுக்கும் 11 பிரதிகள்தான், அவ்வளவும் கையால் எழுதியவை.

அந்தச் சபையில் லூயிசே ஃபான் கோக்ஹவுசன் என்று ஒரு பெண் இருந்தார், கோமகளின் உதவியாளர். கோதே அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபவுஸ்ட் என்ற புகழ்பெற்ற நாடகத்தின் ஆரம்ப வடிவத்தைத் தனக்கென்று பிரதியெடுத்து வைத்துக்கொண்டார். கோதேயிடமிருந்த மூலம் மறைந்துவிட்டது. இந்தப் பிரதி 1887இல் உறவினர் வீட்டுக் காகிதக் கட்டிலிருந்து வெளிப்பட்டது. அந்த முதல் ஃபவுஸ்டை இன்று நாம் படிக்க முடிவது அந்தப் பெண்ணின் கையெழுத்தால்தான். எல்லாமே இப்படித் தப்பிவிடவில்லை. 2004 செப்டம்பரில் அன்னா அமாலியா பெயரிலுள்ள நூலகம் தீப்பிடித்து 50,000 புத்தகங்கள் சாம்பலானபோது, அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இசைப் பிரதிகளில் பெரும்பகுதியும் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு பற்றி எரிகிறது.

அதனால் தயங்காமல் மாடியைப் பெருக்கிப் பாயை விரி. டீச்சர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வட்டமாக உட்காரட்டும். நல்ல தடிமனான நோட்டு ஒன்று வாங்கி வை. யார் எதை வாசித்தாலும் அன்றைக்கே அதில் ஏற வேண்டும். முதல் கூட்டத்துக்கு நாள் குறித்ததும் எழுது, முந்தின நாளே வந்துவிடுகிறேன். எழுதும் வேலை என்னுடையது.

அன்புடன்,
உன் தோழி