மலையேறும் மழலைகளையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஏற்ற மலைவாசத்தலங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பார்க்க வேண்டிய இடங்கள், தங்கும் விடுதிகள், இ-பாஸ் பெறும் முறை ஆகிய அனைத்தும் அதில் தெளிவாக இருந்தன. ஆனால் கைக்குழந்தையை இடுப்பிலும் நடை பழகும் பிள்ளையைக் கையிலும் பிடித்துக்கொண்டு மலையேறும் குடும்பங்களுக்காக அதில் ஒரு வரிகூட இல்லை. கத்திரி வெயிலில், வேர்க்குரு தாங்காமல் இரவெல்லாம் சிணுங்கும் குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் சென்னைக் குடும்பங்கள் பலவும் மலையை நாடுகின்றன. அவர்களுக்காகவும், மலைச் சுற்றுலாவை நெறிப்படுத்தும் அரசின் கவனத்துக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். சென்ற கோடையில் மகன் குடும்பமும் மகள் குடும்பமும் சேர்ந்து உதகைக்குச் சென்றபோது மூத்தவனுக்கு நான்கு வயது, மகளின் இரட்டைப் பெண்களுக்கு இரண்டரை வயது, கடைக்குட்டிக்கு எட்டு மாதம். பிள்ளைகளுக்கு அந்தக் குளிர்காற்றும் புல்வெளியும் கொடுத்த மகிழ்ச்சியைக் கண்ணாரக் கண்டேன். ஆதலால், குழந்தைகள் வளரும்வரை வீட்டிலேயே இருங்கள் என்று கூறுவோரின் கருத்தை நான் ஏற்கவில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களின் வசதிக்கு வகுத்த பயணத்தில் குழந்தைகளைத் திணிக்கக்கூடாது.

முதலில் எந்த மலை என்பதைக் குழந்தைகளின் வயதைக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து உதகையும் கொடைக்கானலும் 500 கி.மீ.க்கு மேல், இரண்டும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளவை. ஜோலார்பேட்டை வரை ரயிலில் சென்று 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஏலகிரி வந்துவிடும். உயரம் சுமார் 1,100 மீட்டர். சேலத்திலிருந்து 20 வளைவுகளில் ஏற்காடு. உயரம் சுமார் 1,500 மீட்டர். கைக்குழந்தை உள்ள வீட்டார் முதல் பயணத்துக்கு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 40 வளைவுகள் கொண்ட வால்பாறையும் 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையும் பிள்ளைகள் சற்று வளர்ந்த பின் பார்க்கத்தக்கவை. மலை ரயிலில் ஆசை உள்ளவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கி.மீ. தூரத்தை ஏற ஐந்து மணி நேரம் அளவுக்கு ஆகும் என்பதை எண்ணிப் பார்த்து, குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும் பயணம் செய்யலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அதுவே போதுமானது.

உயரத்தில் செய்ய வேண்டிய சில மாற்றங்களை வீட்டுப் பெரியவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே குழந்தைக்குப் பால் கலக்கவோ குடிக்கவோ வைக்கும் நீரை, கொதி வந்த பிறகு மூன்று நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு எளிதில் குழைவதில்லை என்பதால், ஒரு சிறிய குக்கரைக் கையோடு எடுத்துச் செல்வது பாரமாகத் தோன்றினாலும் பருப்புச் சாதத்துக்கும் சத்துமாவுக் கஞ்சிக்கும் பெரிதும் உதவும். குழந்தைகளின் உடல் பெரியவர்களுடையதைக் காட்டிலும் விரைவில் வெப்பத்தை இழக்கும். தடித்த ஒரே கம்பளியைவிட மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவித்து, ஈரமானதும் உடனே மாற்றுவதுதான் சரி. இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது: தூளியில் உறங்கிப் பழகிய குழந்தை, விடுதி அறையின் மெத்தையில் லேசில் கண்ணயராது. தூளி கட்ட இடமுண்டா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டால் முதல் இரவு நிம்மதியாகக் கழியும்.

இவையெல்லாம் குடும்பங்கள் தாமே செய்துகொள்ளக் கூடியவை. மலைப்பாதையில் ஏற்படும் இடர்ப்பாடு அத்தகையதன்று. வண்டியின் ஆட்டத்தால் வரும் குமட்டல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவும், இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மிகுதியாகவும் இருக்கும். வாந்தி எடுத்த பிள்ளையைக் கழுவி, உடை மாற்றி, சற்றே காற்றாட உட்கார வைத்த பின்னரே வண்டியை எடுக்க முடியும். கைக்குழந்தைக்கோ ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்கிறது. பால் குடித்தால், அந்த விழுங்குதலில் அடைப்பு நீங்கும். ஆனால் வளைவுகளில் ஓடும் வண்டியில் மடியில் கிடத்திப் பாலூட்டுவது ஆபத்தானது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இருக்கைப் பட்டையோ உரிய பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமும் கூறுகிறது. எனவே, பாலூட்ட வேண்டுமானால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது? நாங்கள் சென்ற வழியில் நின்ற இடங்களிலெல்லாம் தேநீர்க் கடைகள் இருந்தன. குரங்குக் கூட்டங்கள் இருந்தன. ஒரு தாய் திரை மறைவில் அமர்ந்து பாலூட்டவோ, குழந்தையைக் கிடத்தி டயப்பர் மாற்றவோ ஓர் இடமும் இல்லை. என் மருமகள் மூடிய காருக்குள், நான் துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, வியர்வையில் நனைந்தபடி குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

2015ஆம் ஆண்டிலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்து வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. அந்த அக்கறை மலையடிவாரத்தோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

இதற்கான வாய்ப்பு இப்போது அரசின் கையிலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வாகனங்களுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனைக் கருதி எடுத்த இந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். வண்டியின் விவரத்தையும் வருவோரின் எண்ணிக்கையையும் கேட்கும் அந்த விண்ணப்பத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்ற ஒரு கேள்வியைச் சேர்ப்பதில் என்ன சிரமம் இருக்க முடியும்? எந்த நாளில் எத்தனை குழந்தைகள் எந்தப் பாதையில் வருகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், குழந்தை நல மருத்துவர்களின் பணி நேரம் முதல் குடிநீர் ஏற்பாடு வரை அனைத்தையும் அதற்கேற்ப அமைக்கலாம். குழந்தையோடு வரும் வாகனங்களைச் சோதனைச் சாவடியில் நெடுநேரம் காக்க வைக்காமல் அனுப்பவும் வழி பிறக்கும்.

அச்சோதனைச் சாவடிகளின் அருகிலும், மலைப்பாதையில் வண்டிகள் வழக்கமாக இளைப்பாறும் இடங்களிலும், ஒரு பாலூட்டும் அறையும் தண்ணீர் வசதியோடு கூடிய சுத்தமான கழிப்பறையும் அமைய வேண்டும். அறை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கதவும் தாழ்ப்பாளும் ஒரு மேடையும் இருந்தால் போதும். பயன்படுத்திய டயப்பர்களைப் போடுவதற்கு மூடியுள்ள தனித் தொட்டிகளும் கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் புட்டிகள் மலையேறாதபடி தடுக்கும் நிர்வாகம் டயப்பரை மறந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பம் அவற்றைப் பையில் கட்டி விடுதி வரை சுமந்து சென்றது. எல்லோரும் அவ்வாறு செய்வதில்லை என்பதற்குப் பாதையோரப் பள்ளங்களே சான்றாக இருந்தன. யானைகளும் மந்திகளும் நடமாடும் காட்டில் அந்தக் குப்பை கிடப்பது எத்துணைக் கேடு!

உதகை அரசு தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெறுவதால், கூட்டம் பெருகும் அந்த நாட்களுக்கு முன்பாகவே நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்களும் சுற்றுலாத் துறையும் தற்காலிகக் கூடாரங்களையாவது அமைத்துத் தருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அயனாவரம், சென்னை.