காபியை ‘விரும்பும்’ ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஸ்பானிஷ் பாடத்தில், ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதற்கு ‘நான் காபியை விரும்புகிறேன்’ என்று போட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறார்களா? ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்றால் தீர்ந்தது. ‘மே’ என்றால் ‘எனக்கு’, உங்களுக்குத் தெரியாததா? வினை காபியோடுதான் சேரும். திராட்சைகள் என்று பன்மை வந்தால் ‘குஸ்தா’, ‘குஸ்தான்’ ஆகிவிடும். ‘நான்’ என்று ஆரம்பிப்பவருக்கு இது ஆயுளுக்கும் விளங்காது. ‘மே துவெலே லா கபேசா’வும் அப்படித்தான்: எனக்குத் தலை வலிக்கிறது. தமிழுக்கு நேராக வரக்கூடியதை இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக் கூட்டிவருவானேன்?

அதற்கு முந்தைய இதழில் ஒரு சூத்திரம்: ‘இருக்கிறது’ என்பதற்கு ‘செர்’ போட்டால் நிரந்தரம், ‘எஸ்தார்’ போட்டால் தற்காலிகம். சரி. ஒருவர் செத்துப்போனால் ‘எஸ்தா முவெர்தோ’ என்று எஸ்தாரைத்தான் போடுகிறார்கள். அவர் எப்போது எழுந்து வருவார் என்று ஆசிரியர் குழு தெரிவித்தால் நல்லது.

இதே சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு மாட்ரிட் போனவள் நான். என் கணவருக்கு அங்கே 4 வருடம் வேலை. அவர் கிளம்பிவிட்டால் பேச ஆளில்லை. தினமும் இதே கதை, அப்போது நிரந்தரம்தானே என்று கணக்குப் போட்டு, கீழ்வீட்டுப் பாட்டியிடம் செர் போட்டு ‘சோய் அபுர்ரிதா’ என்றேன். உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ‘போரடிக்கிறது’ என்று சொல்வதாக நினைத்து, ‘நான் ஒரு அறுவை’ என்று என்னை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன்! ‘எஸ்தாஸ், இஹா, எஸ்தாஸ்’ என்று திருத்தினார். இஹா என்றால் மகளே. உங்கள் பாடத்தில் இதுவரை ஒரு பாட்டியும் வரவில்லை. மேசைமேல் ஆப்பிள்தான் வாராவாரம் இருக்கிறது.

அப்புறம் அந்த வயது வாக்கியம். ‘எனக்கு 30 வயது’ என்பதை ரோமன் எழுத்தில் அச்சடித்தபோது, ‘ஆன்யோஸ்’ என்ற சொல்லில் ‘என்’ எழுத்தின் தலைமேல் வரவேண்டிய சுழியை விட்டுவிட்டீர்கள். சுழி போனால் அது வருடம் இல்லை ஐயா, ஆசனவாய். அதுவும் முப்பது! இதற்காக இரண்டு கடிதம் போட்டேன். அட்டைப்படத்தைப் புகழ்ந்தவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. (குறுக்கெழுத்துப் பரிசு இன்னும் வந்து சேராததை இங்கே கிளறுவதாக இல்லை.)

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழிலாவது அந்தச் சுழியைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
18 வருட சந்தாதாரர்,
திருச்சி